முதலில் கூரை

வெளிநாட்டிலிருந்து வந்து யாழ்ப்பாணத்தில் வீடு கட்ட நினைப்பவர்கள் என் மேசைக்கு முன்னால் உட்கார்ந்ததும் கைபேசியைத்தான் நீட்டுவார்கள். படத்தில் ஒரு திறந்த முற்றம், அதில் ஒரு தேமா மரம், சுற்றிவரக் கறுத்த மரத் தூண்கள், மினுங்கும் சீமெந்து நிலம், தாழ இறங்கிய ஓட்டுக் கூரை. “தம்பி, பாவா மாதிரி ஒரு வீடு வேணும்” என்பார்கள். பல வேளைகளில் அவர்கள் பிறந்த வீடு அதே வளவிலேயே முகடு உடைந்து கிடக்கும். அதுவும் முற்றம் வைத்த ஓட்டு வீடுதான். அதை இடிக்க என்ன செலவாகும் என்பது அடுத்த கேள்வியாக வரும்.

அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. இலங்கை வீடு என்றால் இன்று உலகம் காண்பது அந்தப் படத்தைத்தான். ஹோட்டல்களும் சுற்றுலா விளம்பரங்களும் தடித்த படப் புத்தகங்களும் சேர்ந்து கட்டடக்கலைஞர் ஜெப்ரி பாவாவின் பெயரை ஒரு நாட்டின் வீட்டுக்கே முத்திரையாக்கிவிட்டன. கட்டடக்கலை படித்த காலத்தில் நாங்களும் அவருடைய வெட்டுமுகப் படங்களைப் பார்த்துப் பார்த்துத்தான் கீறிப் பழகினோம். ஆனால் தெற்கிலும் வடக்கிலும் கூரை போட்டுப் பார்த்த பிறகு எனக்கு ஒன்று தெளிவாகியிருக்கிறது. தூணும் முற்றமும் பிறகு வருபவை. மழையை எங்கே, எப்படி இறக்கப் போகிறோம் என்ற இடத்தில்தான் வீடு தொடங்குகிறது. தேசியப் பாணி என்று பெயரெடுத்த இந்த வீட்டின் கதையையும் கூரைக்குக் கீழே நின்று சொல்வதே நியாயம்.

பாவா பிறந்தது 1919இல். தந்தை வழியில் முஸ்லிம், தாய் வழியில் பறங்கியர். முதலில் சட்டத்தரணி. கட்டடக்கலைஞராகத் தகுதி பெற்றபோது வயது 38, ஆண்டு 1957. அந்தக் காலத்துக் கொழும்பில் வசதியுள்ளவர்கள் விரும்பிக் கட்டியது தட்டைக் கூரையும் வெள்ளைச் சுவரும் அகலக் கண்ணாடியும் கொண்ட வீடு. ஐரோப்பாவில் அது நன்றாக நிற்கும். கொழும்பில் ஆண்டுக்கு ஏறக்குறைய 2,400 மில்லிமீற்றர் மழை பெய்யும். இறவாணம் நீளாத சுவரில் இரண்டு மாரிக்குள் பாசி ஏறிவிடும். தட்டைக் கூரையில் எங்காவது வெடிப்பு விழும். பாவாவே தொடக்கத்தில் அப்படிச் சில கட்டடங்கள் கட்டியவர்தான்.

பிறகு 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி வறண்டது. இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்தது. கண்ணாடியும் உருக்கும் கிடைக்காத பொருள்களாயின. அந்த ஆண்டுகளில்தான், 1960 முதல் 1962 வரை, கொழும்பு அல்பிரட் பிளேசில் எனா டி சில்வாவின் வீடு எழுந்தது. எனா கண்டிப் பகுதியின் பெரிய குடும்பமொன்றில் பிறந்தவர். பின்னாளில் பத்திக் கலையில் பெயர் பெற்றவர். பெந்தோட்டை பீச் ஹோட்டலின் வரவேற்பு மண்டபத்து விதானத்தை நிறைத்த பத்திக் துணிகள் அவர் கையால் ஆனவை. அவருக்காகப் பாவா கட்டிய வீடு தெருவுக்கு முதுகு காட்டி நின்றது. வெளிச்சுவர் மூடியது, அறைகள் எல்லாம் நடுமுற்றத்தை நோக்கித் திறந்தவை, சுற்றிவர ஆழமான விறாந்தை, மேலே சுட்ட மண் ஓடு. கண்ணாடியும் உருக்கும் ஏறக்குறைய இல்லை. கடையில் சாமான் கிடைக்காத நாளில் வளவில் இருந்த கீரையையும் முருங்கைக்காயையும் வைத்து ஒரு கைகாரி சமைத்த சமையல் அது. இன்று அதை எளிமையின் தத்துவம் என்கிறார்கள். தத்துவம் பிறகு வந்தது. தட்டுப்பாடு முதலில் வந்தது.

பிற்காலத்தில் அந்தக் காணி கைமாறியபோது, வீட்டைப் பகுதி பகுதியாகக் கழற்றிக்கொண்டுபோய் பெந்தோட்டைக்குப் பக்கத்திலுள்ள லுணுகங்காவில், பாவாவின் தோட்டத்திலேயே, மறுபடி நிறுத்தினார்கள். கழற்ற முடிந்தது என்பதைத்தான் நான் மாணவர்களுக்குச் சொல்வேன். ஓடும் மரமும் கல்தூணும் கொண்ட வீடு பிரித்தால் பிரியும். காங்கிரீட்டில் ஊற்றிய வீட்டை உடைக்கத்தான் முடியும்.

இந்தக் கதையில் எப்போதும் இரண்டாவதாகச் சொல்லப்படும் பெயர் ஒன்று உண்டு. காலக் கணக்கில் அது முதலில் வரவேண்டியது. கண்டியில் 1918இல் பிறந்த மினெட் டி சில்வா 1948இல் பிரிட்டிஷ் அரச கட்டடக்கலைஞர் நிறுவனத்தின் அங்கத்தவரானார். அந்தத் தகுதி பெற்ற முதல் ஆசியப் பெண் அவர். நாடு திரும்பிக் கண்டியில் கருணாரத்ன குடும்பத்துக்கு அவர் கட்டிய வீடு 1951 அளவில் முடிந்தது. பாவா கட்டடக்கலைஞராவதற்கு முன்னரே! தும்பறைப் பாய் நெசவை அறைத் தடுப்பாக்கினார். ஊர்க் குயவரிடம் சுட்ட ஓடு வாங்கினார். நவீன அமைப்பையும் உள்ளூர்க் கைத்திறனையும் ஒரே வீட்டில் சேர்க்கலாம் என்று எழுதியும் காட்டினார். டென்மார்க்கிலிருந்து கட்டடக்கலைஞர் உல்ரிக் பிளெஸ்னர் முதலில் வந்து சேர்ந்தது இவருடைய அலுவலகத்துக்கே. பிறகுதான் அவர் பாவாவிடம் போனார். பார்பரா சன்சோனி, லக்கி சேனாநாயக்க போன்ற கலைஞர்களோடு சேர்ந்து பிளெஸ்னர் பழைய கட்டடங்களை அளந்து கீறினார். அந்த அளவெடுப்பு நடக்காமல் இருந்திருந்தால் பாவா பாணி என்று நாம் இன்று சொல்வதில் பாதி வந்திருக்காது என்பது என் எண்ணம். கட்டடத்தைப் படம் பிடிப்பவனுக்கு அழகு தெரியும். நாடா பிடித்து அளப்பவனுக்குத்தான் தூணுக்கும் இறவாணத்துக்கும் நடுவிலுள்ள உறவு தெரியும்.

அவர்கள் அளந்த பழைய வீடு யாருடையது? இங்கேதான் தேசியம் என்ற சொல் கொஞ்சம் தடுமாறும். 1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்தில் கைதியாக இருந்த ஆங்கிலேயர் ரொபட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட நூலில், பொதுமக்கள் வீட்டுக்கு ஓடு போடவோ சுவருக்குச் சுண்ணாம்பு பூசவோ அனுமதியில்லை என்று எழுதியிருக்கிறார். ஓடு அதிகாரத்தின் அடையாளமாக இருந்தது. வலவ்வ என்று சிங்களத்தில் சொல்லும் பிரபுக்களின் மனைகளுக்குத்தான் நடுமுற்றமும் ஓட்டுக் கூரையும். ஊர் மக்கள் மண் சுவருக்கும் வைக்கோலுக்கும் கீழே வாழ்ந்தார்கள். அந்தப் பிரபு மனையோடு ஒல்லாந்தர் விட்டுப்போன தெரு விறாந்தையும் காலிக் கோட்டையின் பின்முற்ற வீடுகளும் சேர்ந்து கலந்த கலவையே இன்று நாட்டின் வீடு என்று பெயர் பெற்றிருப்பது. இந்தக் கலவையைப் பாவா மறைத்ததில்லை. இலங்கையின் நல்ல பழைய கட்டடங்களை இந்தியம், போர்த்துக்கேயம், ஒல்லாந்தம், கண்டியம் என்று கூறு போடாமல் எல்லாவற்றையும் இலங்கைக் கட்டடமாகவே தான் பார்ப்பதாக 1968இல் எழுதினார்.

வடக்கிலும் அப்படித்தான். எங்கள் நாற்சார் வீட்டைப் பற்றிப் பேசும்போது பெருமை கண்ணை மறைத்துவிடும். அது காணியும் நெல்லும் புகையிலைக் காசும் இருந்தவர்களின் வீடு. வாசலில் சங்கடப் படலை, அதைத் தாண்டித் தலைவாசல், திண்ணை, பிறகு உள்முற்றம். யார் எந்த இடம்வரை வரலாம் என்பதைச் சாதி தீர்மானித்தது. தலைவாசலோடு நின்றவர்களும் உண்டு, படலைக்கு வெளியே நின்றவர்களும் உண்டு. அந்த வீட்டின் கைத்திறனை நேசிக்கிற ஒருவன் இதையும் சேர்த்தே சொல்லியாக வேண்டும். பெரும்பாலான யாழ்ப்பாணத்தவரின் பாட்டன் பாட்டி பிறந்தது மண்ணும் பனையோலையும் கிடுகும் கொண்ட கொட்டிலில்.

இவ்வளவும் சொன்ன பிறகும் நாற்சார் வீட்டின் கூரை என்னை விடுவதில்லை. நான்கு பக்கமும் அறைகள், நடுவில் வானம். ஒவ்வொரு பக்கக் கூரையும் முகட்டிலிருந்து ஒரு சாய்வை வெளியேயும் ஒரு சாய்வை முற்றத்துக்குள்ளும் இறக்கும். உட்பக்கச் சாய்வுகள் சேர்ந்து 1,000 சதுர அடி என்று வையுங்கள். ஐப்பசியில் ஒரு நல்ல மழை 50 மில்லிமீற்றர் பெய்தால் 4,600 லீற்றருக்கு மேல் தண்ணீர் அந்தச் சின்ன முற்றத்துக்குள் விழும். கொழும்புக் களிமண்ணில் அத்தனை தண்ணீரையும் நிலத்தடிக் குழாய் வைத்துத்தான் வெளியேற்ற வேண்டும். யாழ்ப்பாணத்தில் கீழே சுண்ணாம்புக்கல். மணல் முற்றம் குடித்துவிடும். அது கிணற்றுக்குப் போகும். ஆறில்லாத குடாநாட்டில் குடிக்கும் தண்ணீர் நிலத்தடியில்தான் என்பதை அந்தக் காலத்து மேசன் மறந்ததில்லை. இன்றைக்கு முற்றத்துக்கு ரைல்ஸ் பதிக்கச் சொல்கிறார்கள். அப்படிப் பதித்தால் மாரியில் வெள்ளம், பங்குனி சித்திரையில் சூளை.

இந்தக் கூரையின் பலவீனம் நான்கு உள்மூலைகள். இரண்டு சாய்வுகள் சந்திக்கும் பள்ளத்தில் தண்ணீர் திரண்டு ஓடும், இலை தங்கும், தகடு துருப்பிடிக்கும். பழைய நாற்சார் வீடு விழும்போது பெரும்பாலும் அந்த மூலையிலிருந்துதான் விழத் தொடங்கும். முதலில் ஒரு ஒழுக்கு, பிறகு கைமரத்தின் நுனி உக்கல், பிறகு சிலாகை தளர்ந்து ஓடு சரியும். சுவருக்கு ஒன்றும் ஆகியிருக்காது. முருகைக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் வைத்துக் கட்டிய தடித்த சுவர் அப்படியே நிற்கும். பழைய வீடு பார்க்கப் போனால் நான் சுவரைத் தட்டிப் பார்ப்பதில்லை. ஏணி கேட்பேன்.

மரம் இன்னொரு கதை. இங்கே கூரைக்குப் பனைதான். பனையில் வெளிவட்டம் மட்டும் வைரம், உள்ளே சோறு. முதிர்ந்த மரத்தில்தான் அந்தக் கறுத்த வட்டம் தடிக்கும். பெண் பனை ஆண் பனையைவிட உறுதி என்பது தச்சர் கணக்கு, அதை நானும் கண்டிருக்கிறேன். சரியாக அறுத்து நீரில் ஊறப்போட்டு எடுத்த பனஞ்சிலாகை மூன்று தலைமுறை தாங்கும். போர்க்காலத்தில் பதுங்குகுழிகளுக்கென்று தறித்த பனைக்குக் கணக்கில்லை. இப்போது தறிக்க அனுமதி வேண்டும், அது நல்லதுதான். ஆனால் பனையைப் பிளக்கத் தெரிந்த கைகளும் குறைந்துபோயின. இடிக்கும் வீடுகளின் பழைய மரத்தை வாங்கிச் சேர்த்து வைப்பது என் தொழிலில் ஒரு பகுதியாகிவிட்டது.

ஓட்டுக்கு வருவோம். நாங்கள் பீலி ஓடு என்பதைத்தான் தெற்கில் சிங்கள ஓடு என்கிறார்கள். அரை உருளை வடிவம். ஒரு வரிசை மல்லாந்து, அடுத்தது கவிழ்ந்து. வெயிலை அது தடுக்கிற மாதிரி வேறெதுவும் தடுப்பதில்லை. ஆனால் பாரம் கூட. சாய்வு 30 பாகை அளவுக்காவது வேண்டும். பூனை ஓடினாலும் குரங்கு பாய்ந்தாலும் விலகிவிடும். மங்களூர்ப் பக்கம் ஜேர்மன் மிஷனரிமார் 1865இல் தொடங்கிய தொழிற்சாலை வழியாகப் பரவிய தட்டை ஓடு, நாங்கள் கலிகட் ஓடு என்று சொல்வது, பீலி ஓட்டைப் பல வீடுகளிலிருந்து இறக்கிவிட்டதற்கு இவையே காரணம். அது பூட்டிக்கொள்ளும், இலகு, வேலை சுருக்கம்.

பாவாவின் அலுவலகம் பீலி ஓட்டை மறுபடி கூரைக்கு ஏற்றியது ஒரு தந்திரத்தால். அடியில் அலைவடிவச் சீமெந்துத் தகடு, அதன்மேல் பீலி ஓடு. தண்ணீரைத் தகடு தடுக்கும். வெயிலை ஓடு தடுக்கும். இரண்டுக்கும் நடுவில் காற்று நிற்கும். ஓடு விலகினாலும் வீடு ஒழுகாது. சாய்வைக் குறைக்கலாம், அகலமான மண்டபத்தையும் ஒரே கூரையால் மூடலாம். பழைய முகம், புதிய முதுகெலும்பு. இது ஏமாற்று என்று சொன்ன கட்டடக்கலைஞர்களும் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. மழை நாட்டில் ஒழுகாத கூரை போட்டவனிடம் தூய்மை பற்றி வழக்காடுவது வெறும் வாய்ப்பேச்சு. தகட்டிலிருந்த கல்நார் மட்டும் உண்மையான பிரச்சினை. 2018இல் இலங்கை கல்நார் இறக்குமதியைத் தடை செய்வதாக இருந்தது. 2017 டிசம்பரில் தேயிலைப் பொதியில் வண்டு கண்டதாக ரஷ்யா நம் தேயிலையை நிறுத்தியதும் அந்தத் தடை பின்னுக்குப் போனது. ரஷ்யாதான் நமக்குக் கல்நார் விற்பது. நான் இப்போது கல்நார் சேராத தகடு மட்டும் கேட்டு வாங்குகிறேன். விலை கூடத்தான்.

பிளெஸ்னர் போன பிறகு ஏறக்குறைய இருபது ஆண்டுகள் பாவாவின் பங்காளியாக இருந்தவர் பொறியாளர் கே. பூலோகசுந்தரம். தமிழர். கணக்குப் போட்டு, பாரம் தாங்கவைத்து, அலுவலகத்தை நடத்தி, காகிதத்தில் இருந்ததைத் தரையில் நிற்கவைத்தவர். படப் புத்தகங்களில் அவர் பெயர் சிற்றெழுத்தில் வரும். தேசியப் பாணியில் தமிழருக்கு என்ன பங்கு என்று மேடையில் கேட்பவர்கள் முதலில் இவர் பெயரை உரக்கச் சொல்லட்டும்.

பாணி அரசின் உடைமையானது நாடாளுமன்றத்தோடு. 1979இல் பாவாவுக்கு அந்த வேலை வந்தது. 1982 ஏப்ரலில் கோட்டே தியவன்னா ஓயாவின் நடுவே செப்புக் கூரைகளோடு திறக்கப்பட்டது. கண்டிய மண்டபக் கூரையின் சாய்வு அதில் அப்பட்டமாகத் தெரியும். கட்டடம் என்ற அளவில் அதை நான் குறை சொல்லமாட்டேன். அந்த வேலை நடந்துகொண்டிருந்த நாளில்தான், 1981 ஜூன் தொடக்கத்தில், யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. சென்னையைச் சேர்ந்த நரசிம்மன் திராவிடச் சாயலில் வரைந்து 1959இல் திறந்த கட்டடம் அது. அரசின் கூரை எந்தப் பக்கத்துக் கூரை என்ற கேள்வி அதற்குப் பிறகு வெறும் கட்டடக்கலைக் கேள்வியாக இருக்கவில்லை. தெற்கிலும் எல்லோரும் அந்தக் கூரையை ஏற்கவில்லை. பாவாவோடு ஒரே அலுவலகத்தில் இருந்த வலன்டைன் குணசேகர, பழைய பிரபுக்களின் மனையை நினைவூட்டும் கூரை புதிய நடுத்தர மக்களுக்கு எதற்கு என்ற நிலையில் நின்று காங்கிரீட்டில் வேறு வழி தேடினார். அவருடைய வீடுகள் சிலவற்றைப் போய்ப் பார்த்திருக்கிறேன். கேள்வி சரி, மழைக்கு அவர் தந்த விடை எனக்கு முழுத் திருப்தி தரவில்லை.

அரசுக்கு இன்னொரு தேசிய வீடும் உண்டு. பிரேமதாச காலத்து இலட்சம் வீடு, பிறகு 1984இல் தொடங்கிய பத்து இலட்சம் வீடு. போருக்குப் பின் வடக்கு கிழக்கில் இந்திய உதவியோடு வந்த வீட்டுத்திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு 5,50,000 ரூபா, குறைந்தது 550 சதுர அடி. சொந்தக்காரரே முன்னின்று கட்டினார்கள். அது நல்ல ஏற்பாடு, பலருக்கு முதன்முறையாகச் சொந்த ஓட்டுக் கூரை கிடைத்தது. ஆனால் பெரும்பாலும் ஒரு பெட்டி, இரண்டு அறை. அடுப்பை வெளியே வைத்துக்கொண்டு, முன்னால் கிடுகு வேய்ந்து ஒரு பத்தி இறக்கினார்கள். எந்த வரைபடத்திலும் இல்லாத அந்தப் பத்தியில்தான் பகல் முழுக்கக் குடும்பம் இருந்தது. விறாந்தை வேண்டும் என்பதை அதைவிடத் தெளிவாக யாராலும் சொல்ல முடியாது. பிறகு 2016இல் 65,000 உருக்குப் பொருத்து வீடுகள் என்று ஒரு திட்டம் வந்தது. எங்கள் வெயிலுக்கும் உப்புக் காற்றுக்கும் உருக்குச் சுவர்! எதிர்ப்புக் கிளம்பியதும் அது பெரும்பாலும் கைவிடப்பட்டது. நல்ல காலம்.

நான் இப்போது கீறும் வீடுகளில் பல இரண்டு பரப்புக்குள் அடங்குபவை. முழு நாற்சாருக்கு இடமில்லை. வாடிக்கையாளர் முற்றம் கேட்டால், கூரையின் வெட்டுமுகத்தை முதலில் கீறிக் காட்டுவேன். பத்தடிக்குக் குறைந்த முற்றத்தை நான் செய்வதில்லை. அது வெளிச்சக் கிணறு, இலையான் கூடு. அதற்குப் பதிலாக ஒரு பக்கம் திறந்த முற்றம், மதிலோடு சேர்த்து; இரண்டு பக்கம் ஆறடி விறாந்தை; இறவாணம் மூன்றடியாவது நீளவேண்டும்; தண்ணீர் சேரும் உள்மூலையை ஒன்றோடு நிறுத்திவிடுவேன். சோளகம் அடிக்கும் தென்மேற்கில் சுவரைத் திறந்து, மாரி வாடை வீசும் வடகிழக்கில் கூரையைத் தாழ்த்துவேன். சிவப்புச் சீமெந்து நிலத்தைத் தேய்த்து மினுக்கத் தெரிந்த மேசன் கிடைத்தால் ரைல்ஸ் செலவு மிச்சம். படத்தில் பார்த்த தூணும் தேமா மரமும் இதற்குள் அடங்கினால் வைக்கலாம். அடங்காவிட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். சிலர் வேறு ஆளைத் தேடிப் போவார்கள்.

ஊரில் பழைய வீடு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். விற்பதா இடிப்பதா என்று சகோதரர்களுக்குள் பேச்சு முடிய வருடக்கணக்காகும், அது உங்கள் விஷயம். அதுவரைக்கும் ஒவ்வொரு புரட்டாசியிலும் ஓர் ஓட்டுவேலைக்காரரைக் கூரைக்கு ஏற்றுங்கள். உள்மூலைகளில் தங்கிய இலையை அள்ளி, உடைந்த ஓட்டை மாற்றச் சொல்லுங்கள். ஒரு நாள் கூலி. கடைசியில் இடிப்பது என்றே முடிவானால், இடிப்பதற்கு முன் யாராவது ஒரு மாணவரைக் கூப்பிட்டு அளந்து கீறவையுங்கள்.